ரெஜினாவுக்கு, சனிக்கிழமைக்கு முன்

சாப்பிட்டுவிட்டே போ, ரெஜினா.
நான் வெறும் வயிற்றோடு போனேன்,
ரத்தப் பரிசோதனையோடு குழப்பிக்கொண்டு.
செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே
ஃபர்சான் கடைக்கு மேல்மாடி.
ஜிலேபி வாசனை படியேறிக் கூடவே வரும்.
பயத்திலும் பசிக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

படிவத்தில் மூன்று கட்டம்.
பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர்.
நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் எழுத்தும்.
நடுவில் வீட்டுக்காரர் பெயரை எழுதினேன்,
கடைசியில் அப்பாவை.
கவுண்டர் பையன் நீளத்தைப் பார்த்துவிட்டு
'மங்கை மேடம்' என்று கூப்பிட்டான்.
மிச்சமிருந்த அரசி
வாசல் மழையிலேயே நின்றுவிட்டாள்.

பெஞ்சில் எல்லாரும்
தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.
அவர்கள் வயிற்றுக்குப் பார்க்க வந்தவர்கள்.
ஒருத்தி கால்மேல் கால் இறுக்கி
இன்னும் எவ்வளவு நேரம் என்று
கதவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நீ குடிக்க வேண்டாம்.
உனக்கு எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

உள்ளே இருட்டு, ஏசி.
சுவரில் சிவப்பு எழுத்துப் பலகை:
வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே சொல்வதில்லை, கேட்பதும் குற்றம்.
நாற்பத்து நாலு வயதில்
மார்பைக் காட்ட வந்தவளுக்கும் அதே பலகைதான்.
அதைப் படித்துக்கொண்டேதான்
ஊக்குகளைக் கழற்றினேன்.

பச்சை அங்கி. நாடா முன்பக்கம் வரவேண்டும்.
நான் பின்பக்கம் கட்டியிருந்தேன்.
உதவிக்கு இருந்த சுனந்தா பேசாமல் திருப்பிக் கட்டினாள்,
கட்டிக்கொண்டே 'காட் குட்டே?' என்றாள்.
முப்பது வருஷம் இந்த ஊரில்.
இருந்தும் என் காதில் விழுந்தது 'காட்டு'.
காட்டினேன். சரியாகத்தான் போயிற்று.
மராத்தியில் காட் என்றால் கட்டி.
அவள் விரலில் அப்போது இருந்த முடிச்சுக்கும்
அதே சொல்தானாம்.

கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள்,
தோளுக்கடியில் சுருட்டிய துண்டு.
லோக்கலில் கம்பி பிடிக்கிற கை.
படுத்துக்கொண்டே குர்லா போவதுபோல் இருக்கும்.
ஜெல் குளிரும்.
வலிக்காது, அழுத்தும்.
இஸ்திரிக்காரன் காலர் மடிப்புக்கே
திரும்பத் திரும்ப வருவான் பார், அப்படி.
அக்குள் வரை போவார்கள்.
கூச்சத்தில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடு.

டாக்டர் பேசாமலிருந்தால் பயப்படாதே.
நான் பயந்தேன்.
கேபிள் போன டிவி மாதிரித் திரை.
அதில் புள்ளிக்கோடு ஒன்று இழுத்தாள்,
இந்த முனையில் ஒரு கூட்டல் குறி
அந்த முனையில் ஒரு கூட்டல் குறி.
டிக்.
கணக்குப் பிரிவில் இருபது வருஷம்.
கூட்டலைப் பார்த்து நெஞ்சடைத்தது
அன்றுதான்.

கறுப்பாக இருக்கிறதே என்றேன்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
கறுப்பு தண்ணீர், வெறும் தண்ணீர்.
அதற்குக் கீழே பாருங்கள், வெளிச்சம்.
தண்ணீருக்குள் ஒலி தடையில்லாமல் போகும்,
அதனால் பின்னால் இருப்பது பளிச்சென்று தெரிகிறது.
நீர்க்கட்டி. விட்டுவிடலாம்.

இன்னொன்று, சற்று மேலே.
கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை.
ஆறு மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பு.
அதன் பின்னால் வெளிச்சம் இருந்ததா என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
பெரும்பாலும் ஒன்றும் இருக்காது,
ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றாள்.

துடைக்கத் தருகிற காகிதம் போதாது.
பெரிய கைக்குட்டை எடுத்துப் போ.
குர்த்தா போட்டுக்கொள், முழுநீள கவுன் வேண்டாம்.
ரிப்போர்ட் அரைமணியில் வரும், உறையை ஒட்டியிருக்க மாட்டார்கள்.
கீழே வந்து நூறு கிராம் ஜிலேபி வாங்கி
நின்றுகொண்டே முழுதும் தின்றேன்.
மழை விட்டபாடில்லை.

வீட்டில் நீர்க்கட்டியை மட்டும் சொன்னேன்.
துவரம்பருப்பு உன்னிடம்தான்.

சனிக்கிழமை எத்தனை மணிக்கு?
உள்ளே விடமாட்டார்கள்.
பெஞ்சில் இருப்பேன்,
தண்ணீர் குடிக்காமல்.
டிசம்பரில் நீ.